பன்னிரண்டாவது படம்

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவுதல் கூடும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகின்றான் என்று நகைப்பாரும் இருக்கலாம். நன்னூலும் காரிகையும் படிப்பித்து நரைத்த தலை என்னுடையது. மல்லாவியின் புழுதி ஒழுங்கைகளில் துவிச்சக்கர வண்டி உழக்கியே என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. ஆயினும் என் வாழ்நாளில் ஒரேயொரு நாள், ஒரேயொரு படச்சுருளைக் கமராவில் இட்டு, பறந்தோடும் பந்தயக் கார்களை நான் படம் பிடித்தேன். மொத்தம் பன்னிரண்டு படங்கள். அவற்றுட் பதினொன்று இன்று இல்லை. எஞ்சிய ஒன்றிலே கார் இல்லை.

அந்த நாள் வந்தது 1988 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். நாட்டின் குழப்பங்களாற் கடல் கடந்து தமிழகம் சேர்ந்த எத்தனையோ குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. சென்னைக்கு அணித்தாக ஒரு கீழ்த்திசைக் கல்லூரியிற் புலவர் வகுப்பிற் சேர்ந்திருந்தேன். என் தாயாரின் தம்பியாகிய சின்னமாமா செங்குன்றத்தில் ஒரு நெல் ஆலையிலே இயந்திரம் பார்ப்பவராக வேலைக்கு அமர்ந்திருந்தார். செங்குன்றத்தை அறிந்தவர்களுக்கு அவ்வூர் ஆலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவிற் கால் வைத்த மாத்திரத்தே அவிந்த நெல்லின் மணம் வந்து எதிர்கொள்ளும். மல்லாவியிலும் மாமாவுக்கு அதே தொழில்தான். அரிசி ஆலை எந்திரம், வயற்காரரின் லான்ட்மாஸ்டர், நீர் இறைக்கும் இயந்திரம் ஆகிய எது முனகினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். 'அங்கையும் நெல்லு, இங்கையும் நெல்லு. நடுவிலை கொஞ்சம் கடல், அவ்வளவுதான்' என்று அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பு முடிந்தபின் நெடுநேரம் பேசமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை என் விடுதிக்கு வந்தவர், 'தம்பி, நாளைக்குக் கல்லூரி இல்லைத்தானே. சோழவரத்திலை கார் ஓட்டம் நடக்குது. வா, பார்த்திட்டு வருவம்' என்றார். அவர் கையிலே தோல் உறையிட்ட ஒரு கமரா இருந்தது. ஆலையின் கணக்குப்பிள்ளையிடம் ஒரு நாளைக்கென்று இரந்து வாங்கியது. 'எனக்குப் பாக்கத்தான் தெரியும். நீ படிச்சனி, நீ பிடி' என்று அதனை என் கழுத்தில் மாட்டிவிட்டார். தொல்காப்பியம் படிப்பவனுக்குக் கமராவும் கைவரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் செய்த கைம்மாறு என்னவென்று பின்னர்க் கூறுவேன்.

செங்குன்றத்திலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றாற் சோழவரம். அப்பெயரைக் கேட்டதும் சென்னை மக்களுக்கு நினைவு வருவது குடிநீர் தரும் ஏரி. மோட்டார்ப் பிரியர்களுக்கோ வேறொன்று நினைவு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமானங்களுக்கென ஓர் ஓடுபாதை போடப்பட்டது. போர் முடிந்தபின் அது பயனின்றிக் கிடந்தது. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பாதையைப் பந்தயக் களமாக்கிற்று. 1990 இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஓர் ஓடுகளம் அமையும் வரையிற் பல்லாண்டுகள் சோழவரமே தென்னாட்டுப் பந்தயக்காரரின் திருத்தலமாய் விளங்கியது. இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் அங்கே போய்வந்தார்கள்.

போருக்கென்று போட்ட பாதையில் விளையாட்டு வந்து குடிபுகுவது சோழவரத்தில் மட்டும் நடந்த புதுமை அன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குண்டு விமானங்கள் ஏறி இறங்கிய தளமே. உலக வாகைத் தொடரின் முதற் பந்தயம் 1950 மே 13 அன்று அங்கேதான் ஓடியது. நம் நாட்டிற் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும் பிரித்தானியக் கடற்படையின் போர்க்கால விமானத் தளமாயிருந்து பின்பு பந்தயத் திடலாயிற்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1934 இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது தேயிலைத் துரைமார் காலத்து மலைநாட்டு விழா. வன்னியிலிருந்து அதைப் பார்க்கப் போனவர் எவரையும் நான் அறியேன். எங்கள் பக்கத்திலும், இரணைமடுவில், போர்க்காலத்திலே ஓர் ஓடுபாதை எழுந்தது. அதிற் கார் ஓட்டி விளையாடும் எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஓடுபாதையின் கொங்கிறீற்றுத் தரை கண்ணைக் கூசச் செய்தது. வெறுவெளி, மரநிழல் என்பதே இல்லை. மோர் விற்போரும் சுண்டல் விற்போரும் சனத்திரளுக்குள் நுழைந்து நுழைந்து வந்தனர். மாமா ஒரு சுருள் கச்சான் வாங்கினார். வேர்க்கடலை என்று கேட்டாலன்றி அங்கே கிடையாது. 'கச்சான்' என்று அவர் கேட்டபோது விற்பவன் விழித்தான். மாமா சுட்டிக் காட்டி வாங்கிக்கொண்டார். தமிழுக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டிய இடங்கள் உண்டு என்பதை அகதி வாழ்வு எங்களுக்குக் கற்பித்திருந்தது.

முதலில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. பின்பு வீதியில் நாம் காணும் வகைக் கார்கள், உள்ளேயிருந்த இருக்கைகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓடின. அவற்றின் பின்னரே நான் சொல்ல வந்த கார்கள் களமிறங்கின. சில்லுகள் உடலுக்கு வெளியே நிற்கும் ஒற்றை இருக்கைக் கார்கள். தமிழகத்தாருக்குச் சக்கரம், எங்களுக்குச் சில்லு. பழந்தமிழில் நேமி என்றும் உருளி என்றும் வழங்கும். பெயர் எதுவாயினும், நாம் வீதியிற் காணும் காரிலே அது பாதி மறைந்தே கிடக்கின்றது. இவ்வகைக் காரிலோ நான்கு சில்லுகளும் நண்டின் கால்கள் போல உடலை விட்டு விலகி, மூடுதகடு எதுவுமின்றி நிற்கும். நடுவிலே ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் ஒருவன் படுத்தவாறு அமர்ந்திருப்பான்; தலைக்கவசம் மாத்திரம் வெளியே தெரியும். வேண்டாத தகடுகள் இல்லாமையாற் பாரம் குறையும். வளைவுகளில் மிதித்து மிதித்துக் காயும் பிறேக்குகளுக்குக் காற்றுப் படும். ஓட்டுநனுக்குத் தன் முன்சில்லுகள் இரண்டும் கண்ணெதிரே தெரியும். அபாயமும் அங்கேயே உண்டு. பக்கத்துக் காரின் பின்சில்லை இதன் முன்சில்லு தொடுமானால், சுழற்சியின் வேகமே காரை மேலே தூக்கி எறிந்துவிடும்.

அக்காலத்தில் வெளிநாட்டுக் காரை இந்தியாவுக்குள் கொண்டுவருதல் எளிதன்று. ஆகவே ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த பழங்கார்களை முயன்று தருவித்து ஓட்டினர் செல்வர் சிலர். எண்பதுகளின் முற்பகுதியில் விஜய் மல்லையா அவ்வாறு என்சைன் என்னும் பார்முலா 1 காரொன்றை அங்கே ஓட்டியதைச் சனத்திரளில் நின்றோர் அன்றும் பேசிக்கொண்டனர். அவ்வளவு வசதியற்றோர் பியட் காரின் எஞ்சினைக் கழற்றியெடுத்து, இரும்புக் குழாய்களை ஒட்டித் தாமே கூடு சமைத்துக்கொண்டனர். மாமாவின் கண் சென்றது இந்த இரண்டாம் வகையின்மீதுதான். 'வாங்கினவனிலை எனக்கென்ன? செய்தவனைப் பார்' என்றார். கோயம்புத்தூர்க் கரிவரதனின் பெயரை அன்றுதான் முதன்முதலாக அவர் வாயிலாகக் கேட்டேன். பஞ்சாலைக் குடும்பத்திற் பிறந்த அவர், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, அதிகச் செலவின்றி இளைஞர் ஓட்டிப் பழகத்தக்க ஒற்றை இருக்கைக் கார்களை வடிவமைத்தவர். அவ்வகைக் காரிற் பந்தயம் பழகிய பிள்ளைகளுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995 இல் விமான விபத்தொன்றில் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள ஓடுகளம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இனி என் கமராவுக்கு வருகின்றேன். அஃது அக்பா கிளிக் III என்னும் சிறு பெட்டி. பரோடாவிற் செய்யப்பட்டது, இந்திய நடுத்தரக் குடும்பங்களிற் பிறந்தநாளுக்கும் பழனி யாத்திரைக்கும் வெளியே எடுக்கப்படுவது. தூரத்தைத் திருத்தும் வசதி அதில் இல்லை. திரை திறந்து மூடும் வேகமும் ஒன்றே. ஏறத்தாழ நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. கைகட்டி நிற்கும் குடும்பத்தாருக்கு அது போதும். மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காருக்கு? கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 44 மீற்றருக்கு மேல். திரை திறந்து மூடுவதற்குள் கார் ஒரு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை மாமா வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டு சதுரப் படங்கள். பதின்மூன்றாவதற்குக் காசு இல்லை.

முதல் நான்கும் பாழ். கார் வரும்வரை காத்திருந்து, எதிரே வந்ததும் அழுத்தினேன். பிரதியெடுத்துப் பார்த்தபோது அவற்றிலே சாம்பல் நிறமான ஒரு பட்டை மாத்திரம் குறுக்கே கிடந்தது. காற்றிற் பறந்த சால்வை என்றும் கொள்ளலாம், கார் என்றும் கொள்ளலாம். நான்காவதை அழுத்திய கணத்தில் என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் சிரித்தார். பத்திரிகைக்குப் படம் பிடிப்பவர் என்பது அவர் தோளிலே தொங்கிய பைகளாற் புலப்பட்டது. 'தம்பி, அது வர்ற இடத்தைப் பாத்து சுடாதப்பா. அதோட கூடவே திரும்பு. இடுப்புலேர்ந்து திரும்பு. திரும்பிக்கிட்டே அமுக்கு. அமுக்கினப்புறமும் நிக்காதே' என்றார். அந்த ஐந்து வாக்கியங்களே நான் பெற்ற ஒளிப்படக் கல்வி முழுவதும்.

விடயம் எளிது. கார் ஓடும் வேகத்திலேயே கமராவும் திரும்புமானால், கமராவைப் பொறுத்தவரையிற் கார் நிற்கின்றது; உலகந்தான் ஓடுகின்றது. அப்போது கார் தெளிவாக விழும். பின்னாலுள்ள மனிதரும் கம்பங்களும் கோடுகளாய் இழுபட்டுப் போகும். எளிது என்றேன், செய்தற்கு அரிது. இடுப்பு ஒன்று சொல்ல விரல் ஒன்று சொல்லும். ஐந்தாவது படத்தில் மூக்கில்லாத கார். ஆறாவதில் வால் இல்லை. ஏழாவது வாய்த்தது.

அந்த ஏழாவது படத்தை இன்றும் கண்ணை மூடினாற் காண்கின்றேன். வெள்ளைத் தலைக்கவசம், வளைவை நோக்கிச் சிறிது சாய்ந்த தலை. முன்சில்லு வட்டமாகவே நிற்கின்றது. அதன் உட்புறம் மாத்திரம் சுழன்று கலங்கிக் கிடக்கின்றது. பின்னே சனத்திரள் முழுவதும் நெற்கதிர் போல் ஒரே பக்கமாகச் சாய்ந்த கோடுகள். ஓட்டுநரின் பெயரை நான் அறியேன். அந்தப் பந்தயத்தில் அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதையும் குறித்து வைக்கவில்லை.

மாமா இவற்றுள் எதையும் கவனிக்கவில்லை. அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். வெயிலுக்கு மூடுகின்றார் என்று முதலில் எண்ணினேன். பிறகுதான் அவர் கேட்டுக்கொண்டிருப்பது புரிந்தது. தொலைவில் வளைவை நெருங்கும்போது எஞ்சின் ஓசை படிப்படியாய் இறங்குவதும், வளைந்து வெளிவந்ததும் மீண்டும் ஏறுவதும் அவருக்குப் பாட்டாய் இருந்தன. 'மூண்டாவது காருக்கு ஒரு பிளக் வேலை செய்யேல்லை. அவன் முடிக்கமாட்டான், பார்' என்றார். இரண்டு சுற்றுக்குப் பின் அந்தக் கார் ஓரமாய் ஒதுங்கி நின்றது. நான் வியந்து திரும்பியபோது அவர் கச்சான் கோது உடைத்துக்கொண்டிருந்தார். அகப்பாடல் ஒன்றிலே, பூக்களில் துணையோடு இருக்கும் வண்டுகள் வெருளாவண்ணம் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான் தலைவன். வகுப்பிற் கேட்ட அச்செய்தியை மாமாவுக்குச் சொன்னேன். 'மணியைக் கட்டினால் தேரிலை என்ன பிழை எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?' என்று கேட்டார். உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினா.

பன்னிரண்டாவதற்கு வந்துவிட்டேன். கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று. மாமா என் வலப்புறத்தே பத்தடி தள்ளிக் கயிற்றோரத்தில் நின்றார். கார்கள் இடமிருந்து வலமாக வந்தன. முன்னே வந்த காரோடு திரும்பத் தொடங்கினேன். ஆவலின் மிகுதியால் அளவு தப்பிக் காரை முந்திக்கொண்டு திரும்பி, அழுத்திவிட்டேன். அன்று அந்தக் காரை முந்தியவன் நான் ஒருவனே.

பிரதி வந்தபோது மாமா பன்னிரண்டையும் விரித்துப் பார்த்தார். ஏழாவதைக் கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, ஆலை முதலாளிக்கு ஒன்று என்று பிரதி போடச் சொன்னார். பன்னிரண்டாவதைப் பார்த்து, 'இதுக்கு ஒரு பிலிமை அநியாயமாக்கிப்போட்டியே' என்றார். கார் இல்லை. வெற்றுத் தரை, தளர்ந்து தொங்கும் கயிறு, கையிற் கச்சான் சுருளோடு வாய் சிறிது திறந்தபடி இடப்புறம் நோக்கி நிற்கும் மாமா. கமரா இன்னும் திரும்பிக்கொண்டிருந்தமையால் அவருடைய உருவமும் சற்றுக் கலங்கியே இருந்தது. அதனை நான் எறியவில்லை, போற்றவும் இல்லை. யாப்பருங்கலக்காரிகைப் பிரதிக்குள்ளே அடையாளத் தாளாக வைத்துக்கொண்டேன்.

பிழையென்று ஒதுக்கிய படம் ஒன்று புகழ்பெற்ற கதையைப் பல்லாண்டு கழித்து ஒரு நூலிற் படித்தேன். ழாக் ஆன்றி லார்ட்டீக் என்னும் பிரெஞ்சு இளைஞர், இருபது வயதும் நிரம்பாதவர், ஒரு கிறாண்ட் பிறீ பந்தயத்திற் பார்வையாளராய் நின்று ஒரு காரைப் படம் பிடித்தார். 1912 என்று நெடுங்காலம் அச்சிட்டனர். 1913 என்பாரும் உளர். அவருடைய கமராவில் ஒரு பிளவு கண்ணாடித் தட்டின் குறுக்கே நகர்ந்து ஒளியை விடும். ஆகவே காரின் அடிப்பாகம் முதலிலும் மேற்பாகம் பின்னரும் பதிந்தன. இடையிற் கார் முன்னேறிவிட்டது. விளைவாகச் சில்லு முட்டை வடிவாகி முன்னே சாய்ந்தது. அவரும் காரோடு திரும்பிக்கொண்டிருந்தபடியால் ஓரத்தில் நின்ற மனிதரும் கம்பமும் எதிர்ப்புறம் சாய்ந்தனர். காரும் முழுமையாக விழவில்லை. அவர் அதனைத் தோல்வியென்றே வைத்திருந்தார். 1963 இல் நியூயோர்க்கின் நவீன கலைக் கூடத்தில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபின் வேகத்தையே கண்ணாற் கண்டதாக உலகம் பாராட்டிற்று. இதைப் படித்ததும் மாமாவிடம் ஓடினேன். 'உன்ரை படத்திலை சில்லே இல்லையே, பிறகென்ன சாயிறது?' என்றார்.

நாங்கள் 1989 இல் ஊர் திரும்பினோம். நான் ஆசிரியனானேன், மாமா மல்லாவியில் ஒரு திருத்தகம் போட்டார். அடுத்த ஆண்டே மீண்டும் போர். வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்றது. 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை நாங்கள் எதில் ஓடினோம் என்பது இன்றைய மாணவருக்குக் கட்டுக்கதை போலத் தோன்றும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்களே எங்களுக்குக் கைகொடுத்தன. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பழைய எஞ்சின்களின் அழுத்தம் குறைவாதலால் அவை அதையும் சகித்துக்கொண்டு ஓடின. புதுக் கார்கள் படுத்துவிட்டன. 1996 இற் கிளிநொச்சி இடம்பெயர்ந்து மல்லாவிக்குள் வந்து நிறைந்தபோது, நோயாளியை ஏற்றி வந்தனவும் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தனவும் இந்தப் புகை கக்கும் கிழட்டுக் கார்களே. சோழவரத்தில் என்சைனைப் பேசிய சனம் எங்கள் ஒஸ்ரினைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ? மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எந்தப் பிளக் என்று சொல்லுவார். ஏழாவது படம் அவருடைய திருத்தகத்துச் சுவரிலே மண்ணெண்ணெய்ப் புகை படிந்து மங்கித் தொங்கிற்று.

2005 ஆனியில், இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்த செய்தி எங்களுக்கு எட்டியது. ரயர்க் கோளாறு காரணமாகப் பெரும்பாலோர் விலகிவிட, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. 'ஆறு பேரிலை நாலாவது என்ன பெரிசு?' என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். 'ஓடினவனுக்குத்தான் கணக்கு, நிண்டவனுக்கில்லை' என்று சொல்லிவிட்டு, மாமா அன்று வந்தவர்க்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

2008 ஆடியில் நாங்களும் புறப்பட நேர்ந்தது. பதினொரு படங்களையும் சுருளையும் பொலித்தீனிற் சுற்றிப் பிஸ்கற் தகரம் ஒன்றில் இட்டு, கிணற்றடி மாமரத்தின் கீழே புதைத்தேன். காரிகை மாத்திரம் கைப்பையில் வந்தது. தாளும் அதற்குள்ளேயே வந்தது. அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, பின்னும் கிழக்கே. 2009 பங்குனியில், மாத்தளனில், தண்ணீர் எடுக்கச் சென்ற மாமா திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இங்கு வேறொன்றும் எழுதப்போவதில்லை.

2010 இல் மல்லாவிக்குத் திரும்பியதும் கிணற்றடியைத் தோண்டினேன். தகரம் இருந்தது. துருவேறி ஓட்டையாகி, உள்ளே மழைநீர் புகுந்து, படங்களும் சுருளும் வெல்லப்பாகு போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாளித் தண்ணீரில் ஊறவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். ஒரு துண்டில் மாத்திரம் பிறை போன்ற ஒரு கறுப்பு. சில்லாகவும் இருக்கலாம், பூஞ்சணமாகவும் இருக்கலாம். அதனை உலர்த்தி வைத்தேன்; சில நாளில் அதுவும் தூளாய் உதிர்ந்தது.

திவசம் வந்தபோது மாமி ஒரு படம் கேட்டார். கலியாணப் படம், பிள்ளைகளின் பிறந்தநாட் படங்கள், அடையாள அட்டை, எதுவுமே அவர் கையில் எஞ்சவில்லை. அப்போதுதான் காரிகை எனக்கு நினைவுக்கு வந்தது. பென்சிலாற் குறித்த பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார், கச்சானோடு.

வவுனியாவில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்கு மாமியை அழைத்துச் சென்றேன். கணினி முன்னிருந்த இளைஞன் நல்ல பிள்ளை. முகத்தைத் தனியே எடுத்துப் பெருப்பிக்கலாம் என்றான். கலக்கத்தை ஓரளவு தெளிவிக்கலாம் என்றான். பின்னாலே நீல வானம் வைத்துக் கழுத்துக்குக் கீழே கோட்டும் கழுத்துப்பட்டியும் பொருத்தித் தரலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கின்றார்கள் என்றான். உண்மைதான், எங்கள் ஊர்ச் சுவர்களில் இறந்தவர் பலரும் வாழ்நாளிற் காணாத கோட்டு அணிந்தே சிரிக்கின்றனர். மாமி நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கோட்டுப் போட்ட மனிசனை எனக்குத் தெரியாது. கச்சானை வெட்டிப்போடாதையுங்கோ தம்பி, உள்ளபடியே பெரிசாக்கித் தாங்கோ' என்றார். பிறகு என்னிடம் திரும்பி, 'அவர் எதைப் பாக்கிறார்?' என்று கேட்டார். கார் வந்துகொண்டிருந்தது, நான்தான் முந்திவிட்டேன் என்றேன்.

ஒளிப்படத்தைப் புகைப்படம் என்று சொல்லுவது எனக்கு உடன்பாடன்று. ஒளிக்கும் நிழலுக்கும் அங்கே வேலையுண்டு, புகைக்கு என்ன வேலை என்று வகுப்பில் வாதிட்டிருக்கின்றேன். பெரிதாக்கிய அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, இடப்புற ஓரத்திலே தரையை ஒட்டி மெல்லிய ஒரு சாம்பற் படலம் தெரிந்தது. சிறிய பிரதியில் அது கண்ணுக்குப் பட்டதேயில்லை. வந்துகொண்டிருந்த காரின் புகையோ, முன்னே போனதன் புழுதியோ?

படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று மாமியின் வீட்டிலே சிறு விவாதம் நடந்தது. சாமி அறைக்குப் பக்கத்தில் என்றார் மூத்த மகள். மாமி உடன்படவில்லை. முன் விறாந்தையின் வலப்பக்கச் சுவரிலே தாமே அளந்து ஆணி அடிக்கச் சொன்னார். அங்கே மாட்டினால் மாமாவின் முகம் படலையை நோக்கியிருக்கும். படலைக்கு வெளியே துணுக்காய் வீதி. மாலையில் வயலால் திரும்பும் லான்ட்மாஸ்டர்கள் அந்த வழியாகத்தான் வரும்.